பிரசவ அறையில் கண்ணளவை நம்பாதீர்கள்

பினாங்கில் பிரசவ வார்டுக்குப் புதிதாக வரும் தாதியரோடு பல வருடமாக வேலை செய்கிறேன். கை கழுவ மறப்பது, கையுறையை மறப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல வார்டு சிஸ்டர் இருக்கிறார். எங்கள் தலைமுறை செய்த சில தவறுகளை இவர்களும் அப்படியே செய்வதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

இரத்தப்போக்கைக் கண்ணால் அளப்பது

எந்தக் குறிப்பைப் புரட்டினாலும் ‘இரத்தப்போக்கு 300 மில்லி’ என்றே இருக்கும். ஏன் 300? சுகப்பிரசவத்தில் 500 மில்லியைத் தொட்டால் மிகை இரத்தப்போக்கு, டாக்டரைக் கூப்பிட வேண்டும். 300 என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதற்குத்தான்.

ஒரு மாலை ஷிப்டில், இரண்டாவது பிள்ளை பெற்ற பெண் ஒருவர், “மிஸ்ஸி, ரொம்பக் குளிருது” என்றார். புதுத் தாதி ஏர்கானை அணைத்துவிட்டு இன்னொரு போர்வை போர்த்தினார். குறிப்பில் 300. பிரஷர் சரியாகத்தான் இருந்தது. நாடி மட்டும் ஏறி 118. நான் போர்வையை விலக்கி முதுகுக்கு அடியில் கையை விட்டேன். விரிப்பு இடுப்பு வரை நனைந்து கனத்துக் கிடந்தது. வயிற்றில் கை வைத்தால் கர்ப்பப்பை இறுகாமல் தொளதொளவென்று இருந்தது. விரிப்பையும் பேடையும் தராசில் போட்டபோது 900 கிராமுக்கு மேல் காட்டியது. கர்ப்பப்பையைத் தேய்த்து, கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசினும் இரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலமும் ஏற்றிய பிறகுதான் அடங்கியது. அந்தத் தாய் நல்லபடியாக வீட்டுக்குப் போனார்.

இளம் பெண்களுக்கு ஒரு லிட்டர் போனாலும் பிரஷர் இறங்காமல் இருக்கலாம். நாடிதான் முதலில் ஏறும். இரத்தம் துணியில் ஊறும், முதுகுக்கு அடியில் ஓடும், பனிக்குட நீரோடு கலக்கும். போக்கு கூடக் கூட, கண் குறைத்தே மதிப்பிடும். ஏற்கெனவே இரத்தச்சோகை உள்ள தாய்க்கு 500கூடத் தாங்காது.

அளப்பது பெரிய வித்தையா என்ன? உலர்ந்த பேட், விரிப்பு எடையை முதலிலேயே எழுதி வையுங்கள். நனைந்ததை நிறுத்து அதைக் கழியுங்கள். ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி. தாயின் இடுப்புக்கு அடியில் விரிக்கும், அளவுக்கோடு போட்ட பை இருந்தால் இன்னும் சுலபம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் நடந்து 2023ல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வில், இந்தப் பையால் அளந்து, சிகிச்சைகளை ஒன்றாக உடனே கொடுத்த மருத்துவமனைகளில் மிகை இரத்தப்போக்கில் 93 விழுக்காடு கண்டுபிடிக்கப்பட்டது. வழக்கமான முறையில் 51தான். “நேரமில்லை கா” என்பவர்களிடம் நான் இந்த இரண்டு எண்ணைத்தான் சொல்வேன்.

பிரசவ முன்னேற்ற வரைபடமான பார்ட்டோகிராமைப் பிரசவம் முடிந்தபின் நிரப்புவது

வேண்டாம்.

மரியாதையைக் கூடுதல் வேலையாக நினைப்பது

உலக சுகாதார நிறுவனம் 2016ல் வெளியிட்ட தாய்–சேய் பராமரிப்புத் தரநிலைகள் எட்டு. அதில் மூன்று, தாயிடம் பேசுவது, கண்ணியம், மனத்துணை பற்றியவை. ஆனாலும் வலியில் துடிக்கும் தாயின் தலைமாட்டில் நின்று “தெரான்! தெரான்!” (மலாயில் ‘முக்கு’) என்று நான்கு பேர் ஒன்றாகக் கத்துகிறோம். ஒருவர் மட்டும் பேசினால் போதும். தமிழ்த் தாயாக இருந்தால், “அம்மா, மூச்சை இழுத்துப் பிடிச்சு முக்குங்க” என்று சொல்லிப் பாருங்கள், தோள் தளர்வது தெரியும். கதவைச் சாத்துங்கள், திரையை இழுங்கள். பரிசோதிக்கும் முன் கேளுங்கள்.

தரநிலையை ஆடிட்டுக்கு மட்டும் எடுப்பது

ஆடிட் வாரத்தில் தராசு மேசைக்கு வரும், அடுத்த வாரம் அலமாரிக்குள் போகும். அதை மேசையிலேயே விடுங்கள். ஷிப்ட் மாறும்போது பேட்டரியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.