பழைய மாருதி 800: பானெட்டுக்குள் சுத்தம், ஒயரிங், ஹெட்லைட் ரிலே

எஞ்சின் அறையைக் கண்ணாடிபோல் மினுக்கும் வழியைத் தேடி வந்தவர்களுக்கு இந்தப் பதிவு ஏமாற்றம் தரலாம். பழைய காரில் மினுமினுப்பு கடைசி வேலை. எந்த ஒயர் எங்கே உரசுகிறது, எந்த எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) துருப்பிடித்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்; அழுக்கை நீக்குவது அதற்காகத்தான். என்னுடையது கார்புரேட்டர் காலத்து வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். 2000-இல் வந்த எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வகைக்கும் இதே முறை பொருந்தும். அதில் சென்சார் கனெக்டர்கள் கூடுதல், அவ்வளவுதான்.

படி 1: பேட்டரி

எஞ்சின் நன்றாக ஆறட்டும். மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அதுவே கடைசி. முனைகளில் உப்புப் பூத்திருந்தால் ஆப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். பேட்டரி மூடிகளுக்குள் அந்தக் கரைசல் இறங்கக் கூடாது. எதையும் பிரிப்பதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, ஒவ்வொரு மூலைக்கும் ஒன்று.

படி 2: கழுவுதல்

ஆல்டர்னேட்டர் (மின்சாரம் உண்டாக்குவது), டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்புவது), ஃபியூஸ் பெட்டி, ஏர் ஃபில்டரின் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். தண்ணீரில் கலக்கும் டிகிரீசரை (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) தெளித்து, சற்று ஊறவிட்டு, ஓர் அங்குலப் பெயின்ட் பிரஷ்ஷால் தேய்க்கலாம். பட்டறைகளில் மண்ணெண்ணெயோ டீசலோ தெளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரப்பர் குழாய்கள் ஊறிப் பருத்துவிடும். தீ ஆபத்தும் உண்டு. கழுவும் நிலையத்தின் அழுத்தக் குழாயும் வேண்டாம். பூவாளி போதும். பைகளை அவிழ்த்து, வெயிலில் பானெட்டைத் திறந்துவைத்துக் காயவிடுங்கள்.

படி 3: ஒயர்கள்

கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எஞ்சின் அறைக்குள் கொண்டுவராதீர்கள். சூட்டில் பசை உருகி, ஒரு கோடை முடிவதற்குள் பிசுபிசுத்துப் பிரிந்துவிடும். எஞ்சின் அறைக்கென்றே விற்கும் துணி டேப் விலை கூடுதல்தான்; ஆனால் மறுபடி சுற்றும் வேலை இல்லை. அதன்மேல் நெளிவுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் குழாயைப் போட்டு, கறுப்பு நிற கேபிள் டை கட்டுங்கள். வெள்ளை டை சீக்கிரம் நொறுங்கும். இழுத்து வெட்டிய டையின் நுனி கத்திபோல் நிற்கும், அடுத்த முறை கை விடும்போது கீறும். தட்டைக் கட்டரால் ஒட்ட நறுக்குங்கள்.

அழகுக்காக எல்லா ஒயரையும் விறைப்பாக இழுத்துக் கட்டுவதுதான் பலரும் செய்வது. இந்த வண்டியில் எஞ்சின் குறுக்காக அமர்ந்திருக்கிறது. ஒருவரை ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கச் சொல்லிவிட்டு, கையை விலக்கி வைத்துக்கொண்டு மேலிருந்து பாருங்கள்: ரப்பர் மவுண்ட்டின் மேல் எஞ்சின் அசைந்து எழுந்து அமர்வது தெரியும். ஆகவே எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு தளர்ந்த வளைவு வேண்டும்.

படி 4: எர்த்

மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும், எஞ்சின்-கியர்பாக்ஸ் பக்கத்துக்கும் இணைப்பு இருக்கிறது. ஸ்டார்ட்டர் இழுக்கும் அவ்வளவு கரண்டும் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். வழி துருப்பிடித்தால் கரண்ட் வேறு வழி தேடும். கிளட்ச் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும் எஞ்சினையும் பாடியையும் தொடுகிற இரும்புக் கயிறுகள். கரண்ட் அவற்றில் பாய்ந்து உறையையே உருக்கிவிடும். புதுக் கேபிள் மாட்டியும் அடிக்கடி இறுகிப்போகிறது என்றால் முதலில் எர்த்தைச் சந்தேகியுங்கள்.

போல்ட்டைக் கழற்றுங்கள். ஒயரின் வளையம், போல்ட்டின் அடிப்பகுதி, பாடியில் வளையம் அமரும் இடம் மூன்றையும் உப்புத்தாளால் வெள்ளி நிறம் வரும்வரை தேய்க்க வேண்டும். பெயின்ட் அடிப்பவர்கள் அந்த வட்டத்தை மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிட்டு அடியுங்கள்; பெயின்ட்டின் மேல் அமர்ந்த வளையம் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும், கரண்ட் போகாது. இறுக்கிய பிறகு மேலே வாசலைன் தடவுங்கள். இறுக்குவதற்கு முன் அல்ல.

சரிபார்க்க, பேட்டரியை மாட்டிய பிறகு ஒரு மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்திலும் இன்னொன்றை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் மறுபடி உப்புத்தாள். ஓம் அளவில் வைத்துப் பார்ப்பது பயன்படாது: ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் நல்ல எர்த் என்றே காட்டும்.

படி 5: ஹெட்லைட் ரிலே

நான் சிபாரிசு செய்யும் ஒரே மாற்றம் இது. பழைய ஒயரிங்கில் சுவிட்சைச் சுற்றி வருவதற்குள் மின்னழுத்தம் குறைந்துவிடும். ரிலே என்பது சிறு கரண்டால் இயங்கும் சுவிட்ச்; அதை வைத்தால் பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து நேராகப் போகும். ஹாலஜன் பல்புக்கு 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். 100/90 வாட் பல்பு போடுவது சட்டப்படியும் தவறு, எதிரே வருபவருக்கும் கண் கூசும். 60/55 வாட்டே இருக்கட்டும்.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 2.5 சதுர மி.மீ. பல இழை ஆட்டோ கேபிள் ரிலேயின் 30-ஆம் முனைக்கு. 87-இலிருந்து பல்புக்கு. 85, 86 இரண்டும் காயில், அதாவது ரிலேயை இயக்கும் கம்பிச்சுருளின் முனைகள். ஒன்று பாடிக்கு, மற்றது பழைய ஹெட்லைட் கனெக்டருக்கு; அந்தக் கனெக்டர்தான் இதை இயக்கும். லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே. முனைகளைச் சால்டர் செய்வதைவிட நல்ல கிரிம்பிங் இடுக்கியால் நசுக்குவதே மேல். அதிர்வில் சால்டர் முடியும் இடத்தில்தான் ஒயர் முறியும்.

பிற்சேர்க்கை: கடையில் வாங்கிய தயார் ஹார்னெஸ் (ரிலேயும் ஒயர்களும் சேர்ந்த கட்டு) மாட்டியும் ரிலே இழுக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஜப்பானிய வடிவமைப்புக் கார்கள் சிலவற்றில் சுவிட்ச் துண்டிப்பது பிளஸ்ஸை அல்ல, எர்த்தை. கனெக்டரின் பொது முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உங்கள் வண்டி அந்த வகை. காயில்களின் பொது ஒயரைப் பாடியிலிருந்து கழற்றி, ஃபியூஸ் வழியாக வரும் பிளஸ்ஸில் சேருங்கள்.

இன்னொன்று, எலி. புகையிலைக் கட்டைத் தொங்கவிடுவது ஊர் வழக்கம். சில வாரம் பலிக்கும், காய்ந்ததும் மாற்ற வேண்டும். நாப்தலின் உருண்டை வேண்டாம், காற்றுத் துவாரம் வழியாக அந்த நெடி உள்ளே வரும். துடைத்த துணியைப் பேட்டரிக்குப் பின்னால் செருகி மறந்துவிடாதீர்கள். எலி அதில்தான் குட்டி போடும்.