ராத்திரி மூணு நல்ல விஷயம் எழுதுறது எப்படி? (பாதிப் பேர் விட்டுடுற அந்த "ஏன்" பத்தியும்)

போன வருஷம் தீபாவளி முடிஞ்ச கையோட எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. ராத்திரி லைட்டை அணைச்சுட்டுப் படுத்தா அன்னைக்கு நடந்த தப்பெல்லாம் ஒண்ணொண்ணா வந்து நிக்கும். திருப்பூர்ல பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது ஆர்டர் குடுக்குற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவுல நின்னு வேலையை முடிக்க வெக்கிறது, தப்புக்கா பஞ்சம், ஒரு நாள் துணி ஷேடு மாறியிருக்கும், ஒரு நாள் பையர் மெயில்ல ஒரு வரி காரமா இருக்கும், ஒரு நாள் டையிங்ல இருந்து துணியே வந்திருக்காது. நல்லது எதுவும் நடக்கலையான்னா நடந்திருக்கும், படுத்தா அது மட்டும் ஞாபகத்துக்கு வராது. இதுல இருந்து நான் வெளிய வந்தது ஒரு நோட்டும் பேனாவும் வெச்சுத்தான். பத்து நிமிஷ வேலை.

அமெரிக்காவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல மார்ட்டின் செலிக்மன்னு ஒரு உளவியல் பேராசிரியர், அவரும் கூட இருந்தவங்களும் 2005-ல வெளியிட்ட ஆய்வுல இருந்து வந்த பயிற்சி இது. இன்டர்நெட் வழியா 577 பேரைச் சேர்த்து, குழு குழுவா பிரிச்சு ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேலை குடுத்தாங்க, 411 பேர் கடைசி வரைக்கும் இருந்தாங்க. ஒரு குழு ஒரு வாரம் தினமும் ராத்திரி அன்னைக்கு நல்லபடியா நடந்த மூணு விஷயத்தை எழுதணும். ஆறு மாசம் கழிச்சுக் கேட்டப்பவும் அவங்களுக்குச் சந்தோஷம் கூடியும் மனச்சோர்வு குறைஞ்சும்தான் இருந்துச்சு, அதுவும் வாரம் முடிஞ்சும் தானா விடாம எழுதினவங்களுக்கு இன்னும் நல்லா. மந்திரம் மாதிரி எல்லாம் எதிர்பார்க்காதீங்க, பலன் சின்னதுதான், ஆனா தூக்கம் வராத எனக்கு அந்தச் சின்னதே பெருசா இருந்துச்சு.

படி 1: நோட்டு வாங்குங்க

80 பக்க கோடு போட்ட நோட்டு போதும். டைரி வாங்காதீங்க, தேதி அச்சடிச்சிருக்கும், ரெண்டு நாள் விட்டுப் போனா அந்த வெத்துப் பக்கத்தைப் பார்க்கவே கஷ்டமா இருந்து மொத்தமா விட்டுடுவீங்க. ஆப்பும் வேண்டாம், இதுல நான் பிடிவாதமாவே சொல்றேன். மூணு ஆப் போட்டுப் பார்த்துட்டேன், எழுதலாம்னு போனைக் கைல எடுத்தா வாட்ஸ்அப்ல கம்பெனி குரூப்தான் முதல்ல கண்ணுல படும், அதோட அந்த ராத்திரி போச்சு. பேனா நான் ரெனால்ட்ஸ் 045 வெச்சிருக்கேன், படுத்துக்கிட்டு எழுதாம உட்கார்ந்து எழுதினா நல்லாவே ஓடும்.

படி 2: எப்போ, எங்க

சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, படுக்கப் போறதுக்கு முன்னாடி. போனைப் பக்கத்து ரூம்ல சார்ஜ்ல போட்டுட்டு வந்துடுங்க, அவ்ளோதான்.

படி 3: மூணு விஷயம்

அன்னைக்கு நடந்ததா இருக்கணும், குறிப்பா இருக்கணும். "குடும்பம், ஆரோக்கியம், வேலை" அப்படின்னு எழுதினா அது தினமும் அதேதான், நாலாவது நாள் கை தானா எழுதும், மனசு எங்கயோ இருக்கும். நேரம், ஆளு, இடம் மூணும் வர்ற மாதிரி எழுதுங்க. பெரிய விஷயமா தேடாதீங்க. பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சதும் கணக்குதான்.

படி 4: "ஏன்?"

நான் மாட்டிக்கிட்டது இங்கதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல் பத்து நாள் மூணு விஷயம் எழுதிட்டு மூடி வெச்சுட்டுப் படுத்துட்டேன், ஒரு மாற்றமும் இல்ல, பலசரக்கு லிஸ்ட் எழுதுன மாதிரிதான் இருந்துச்சு. விட்டுடலாம்னு இருந்தப்போ அந்த ஆய்வுல என்ன எழுதச் சொல்லியிருந்தாங்கன்னு மறுபடியும் நிதானமா படிச்சேன். மூணு நல்ல விஷயம், *அது ஒவ்வொண்ணும் ஏன் நடந்துச்சுங்கிற காரணமும்*. அந்த ரெண்டாவது பாதி நான் பார்த்த யூடியூப் வீடியோவுல வரவே இல்ல.

என் நோட்டுல இருந்து ஒண்ணு அப்படியே தர்றேன்:

"சாயந்தரம் 4 மணி. கட்டிங் செக்ஷன் அக்கா அவங்க டம்ளர்ல இருந்து பாதி டீ எனக்கு ஊத்திக் குடுத்தாங்க."

முன்னாடி இதோட நிறுத்தியிருப்பேன். அன்னைக்கு கீழ "ஏன்?"னு போட்டுட்டு பேனாவை வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். முதல்ல வந்த பதில் "அவங்க நல்லவங்க". அது பதிலே இல்ல, எல்லாருக்குமா ஊத்திக் குடுக்குறாங்க? இன்னும் கொஞ்ச நேரம் யோசிச்சப்போதான் வந்துச்சு, மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடினதை அவங்க எதிர் டேபிள்ல இருந்து பார்த்திருக்காங்க. அதைக் கேட்காம, ஊரைக் கூட்டாம, டீயா குடுத்திருக்காங்க. ஒரு ஆளு என்னைக் கவனிச்சுக்கிட்டு இருந்திருக்குங்கிறது அந்த "ஏன்" எழுதுறவரைக்கும் எனக்குத் தெரியாது. கண்ணு கலங்கிடுச்சு. அன்னைக்கு நல்லா தூங்கினேன்.

காரணம் எழுதும்போது ரெண்டு வகை வரும். ஒண்ணு இந்த மாதிரி இன்னொருத்தர் செஞ்சது. இன்னொண்ணு நீங்களே செஞ்சது. "பையர் கால் சீக்கிரம் முடிஞ்சது. ஏன்? காலையிலயே சாம்பிள் போட்டோவை வரிசைப்படுத்தி அனுப்பிட்டேன்." இந்த ரெண்டாவது வகையை விட்டுடாதீங்க, நம்ம வீடுகள்ல நாம செஞ்ச நல்லதை நாமே சொன்னா தலைக்கனம்னு வளர்த்திருக்காங்க, அதனால கை எழுதத் தயங்கும். எழுதுங்க. நாளைக்கும் அதைச் செய்யலாம்னு தெரியுறது அங்கதான்.

காரணமே தெரியலேன்னா "சும்மா அமைஞ்சது"ன்னு எழுதிட்டுப் போங்க, அதுவும் சரிதான். ஆனா மூணுக்கும் அதையே எழுதுறீங்கன்னா அவசரப்படுறீங்கன்னு அர்த்தம்.

படி 5: எத்தனை நாள்

முதல் ஏழு ராத்திரி விடாம. அதுக்கப்புறம் நான் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எழுதுறேன். சோன்யா லுபோமிர்ஸ்கின்னு இன்னொரு ஆராய்ச்சியாளர், அவங்க குழு இதே மாதிரி நன்றி எழுதுற பயிற்சியை ஆறு வாரம் செய்ய வெச்சுப் பார்த்ததுல வாரம் ஒரு தடவை எழுதினவங்களுக்குப் பலன் தெரிஞ்சது, மூணு தடவை எழுதினவங்களுக்குத் தெரியல. எதையும் தினமும் செஞ்சா பழகிப் போயிடும் இல்லையா. ஷிப்மென்ட் வாரம் மாதிரி நெருக்கடி வந்தா மட்டும் நான் மறுபடி தினமும் எழுதுவேன்.

படி 6: சம்பந்தப்பட்டவங்ககிட்ட சொல்லுங்க

அதே 2005 ஆய்வுல இன்னொரு குழு, தனக்கு நல்லது செஞ்சும் சரியா நன்றி சொல்லாம விட்டுப்போன ஒருத்தருக்கு கடிதம் எழுதி நேர்ல கொண்டுபோய்க் குடுத்தாங்க. சட்டுனு சந்தோஷம் அதிகமா ஏறினது அவங்களுக்குத்தான், ஆனா ஒரு மாசம்தான் நின்னுச்சு. எனக்கு கடிதம் எல்லாம் வராது. புதன்கிழமை டீ டைம்ல அந்த அக்காகிட்ட "அன்னைக்கு நான் சாப்பிடலன்னு பார்த்துட்டீங்கள்ல?"ன்னு மட்டும் கேட்டேன். "பார்க்காம இருப்பனா கண்ணு"ன்னாங்க. இப்போ நாங்க ஒண்ணாதான் சாப்பிடுறோம்.

அப்டேட் 1: வீட்ல யாராவது நோட்டைப் படிச்சுடுவாங்களோன்னு பயமா இருக்குன்னு கமெண்ட்ல மூணு பேர் கேட்டிருந்தீங்க. பேருக்குப் பதிலா முதல் எழுத்து மட்டும் போடுங்க. அதுக்கும் வழி இல்லேன்னா தனித்தாள்ல எழுதிட்டு கிழிச்சுப் போட்டுடுங்க, என்னைப் பொறுத்தவரை எழுதும்போது யோசிக்கிறதுதான் முக்கியம், சேர்த்து வெக்கிறது இல்ல.

அப்டேட் 2: ஒரு தம்பி "அக்கா, ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, எதுவுமே பிடிக்கல, மூணு இல்ல ஒண்ணு கூட வரல"ன்னு எழுதியிருந்தார். இத நான் முதல்லயே எழுதியிருக்கணும். ரெண்டு வாரமா பெரும்பாலான நேரம் அப்படியே இருக்கு, தூக்கமும் பசியும் மாறிடுச்சுன்னா நோட்டை மூடி வெச்சுட்டு டாக்டரைப் பாருங்க, அது நோட்டால தீர்ற விஷயம் இல்ல. உடனே பேசணும்னா 14416, டெலி மானஸ்னு மத்திய அரசோட இலவச மனநல உதவி எண், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். தம்பி, இதைப் படிச்சா பேசினீங்களான்னு ஒரு வார்த்தை போடுங்க, காத்துக்கிட்டு இருக்கேன்.

அப்டேட் 3: சின்னப் பிள்ளைங்களை வெச்சு செய்யலாமான்னு கேட்டவங்களுக்கு, தாராளமா செய்யலாம், எழுத வேண்டாம், சோறு ஊட்டும்போது வாயால சொல்லச் சொல்லுங்க, ஒண்ணே ஒண்ணு போதும். அக்கா பையன் ஒண்ணாவது படிக்கிறான், நேத்து அவன் சொன்னது: "இன்னைக்கு மழை வந்துச்சு சித்தி. ஏன்னா நான் ரெயின்கோட் எடுத்துட்டுப் போனேன்."