ரொறன்ரோவில் இலை சிவக்கும் நாள்கள்

பிள்ளைகளைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ போகிறவர்கள் பலரும் கோடைக்குத்தான் டிக்கெட் போடுகிறார்கள். இலை நிறம் மாறுவதையும் பார்க்க ஆசையென்றால், ஒக்டோபர் நடுவிலிருந்து கடைசி வாரம் வரை அங்கே நிற்கிற மாதிரிப் போடுங்கள். நகரத்துக்குள் நிறம் உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் அப்போதுதான்.

வடக்கே அல்கொன்குயின் பூங்காவில் குளிர் முந்திவிடும். அங்கே மேப்பிள் மரங்கள் செப்டெம்பர் கடைசியிலேயே சிவந்துவிடும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் இணையத்தளத்தில் எங்கே எவ்வளவு நிறம் மாறியிருக்கிறது என்று இலையுதிர் காலத்தில் போடுவார்கள். பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகல் குறையக் குறைய இலையின் பச்சையம் சிதைந்து, மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு மட்டும் அப்போது புதிதாக உண்டாவது. வெயில் பகலும் உறையாத குளிர் இரவும் தொடர்ந்தால் அது நன்றாக ஏறும். ஓரம் சிவந்து நரம்போரம் பச்சையாகவே நிற்கும் இலைகள் நிறைய இருந்தால், இன்னும் சில நாள் பொறுக்கலாம். ஆனால் பலத்த காற்றும் மழையும் வருகிறதென்றால் பொறுக்கவே வேண்டாம், முதல் நாளே போய்விடுங்கள்.

ஸ்காபரோவில் தங்குகிறவர்களுக்கு ரூஜ் தேசிய நகர்ப்பூங்கா கிட்ட. நுழைவுக் கட்டணமும் இல்லை. முழங்கால் நோவுள்ளவர்களுக்கு ஹை பார்க் வசதி, சுரங்க ரயில் பக்கத்திலேயே நிற்கும். அப்புறம், கனத்த சுவெற்றர் கட்டாயம்.