புதுச்செவ்வியல் பாணியில் ஒரு புனிதரின் கண்ணாடிச் சாளரத்தை வடிவமைத்தல்

1842 ஜூலையில் பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பின் மூத்த மகன் வண்டி விபத்தில் உயிரிழந்தபோது, அவர் நினைவாகப் பாரிஸில் எழுப்பப்பட்ட புனித ஃபெர்டினாண்டு சிற்றாலயத்தின் சாளரங்களுக்கு மாதிரி ஓவியங்களை வரைந்து தந்தவர் ஓவியர் ஆங்கர். செவ்ர் பீங்கான் தொழிற்சாலை அவற்றைக் கண்ணாடியில் தீட்டியது. மூல ஓவியங்கள் இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பண்டைய கிரேக்க, ரோமானியக் கலையை முன்மாதிரியாகக் கொண்ட இந்தப் புதுச்செவ்வியல் பாணியைக் கற்க விரும்புகிறவர் முதலில் அவற்றையே நெடுநேரம் பார்க்க வேண்டும். அரச குடும்பத்தார் சிலரின் முகச்சாயலைப் புனிதர்களுக்கு அளித்த போதிலும், கிரேக்கச் சிலைக்குரிய அமைதியை அவர் எங்கும் குலைக்கவில்லை.

புனிதரைத் தேர்ந்தவுடன் அவருக்குரிய அடையாளத்தை முடிவு செய்யுங்கள். புனித ஹெலனா என்றால் சிலுவையும் மகுடமும் போதும். ஒரே உருவம், நின்ற நிலை, தூணின் வரிப்பள்ளங்களைப் போல் நேராக இறங்கும் ஆடை மடிப்புகள், ஒரே நிறப் பின்னணி ஆகியவற்றுக்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள்.

சாளரத்தின் திறப்பை அளவுகோலால் மட்டும் அளக்காமல், தடித்த காகிதத்தை அதில் பொருத்தி அச்சு எடுத்து, அதே அளவில் படத்தை வரையுங்கள். அடுத்து, கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப்பட்டைகள் செல்லும் வழியைக் காட்டும் ஈயக் கோடுகளை இட வேண்டும். வடிவமைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. படம் முடிந்தபின் ஈயத்தை எங்கேனும் செருகிக்கொள்ளலாம் என்று எண்ணினால், புனிதரின் கன்னத்தில் கரிய தழும்பு விழுந்துவிடும். முகம் ஒரே துண்டாக இருக்கட்டும். கூந்தலின் விளிம்பு, கழுத்துப்பட்டி, மேலங்கியின் ஓரம் என உருவத்தின் புறக்கோடு செல்லும் வழியிலேயே ஈயமும் செல்லட்டும். உட்புறமாகக் கூர்ந்து வளையும் மூலையைக் கண்ணாடியில் வெட்டினால் அது விரிசல் விடும் என்பதால், அத்தகைய இடங்களில் கோட்டை நீட்டித் துண்டை இரண்டாகப் பிரியுங்கள். துண்டுகளுக்கிடையே ஈயப்பட்டையின் நடுத்தண்டுக்காக ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விட மறவாதீர்கள்.

முகம், கைகள், மடிப்புகள் ஆகியவற்றை உலோக ஆக்சைடும் கண்ணாடித் தூளும் கலந்த கரும்பழுப்பு மையால் தீட்டிச் சூளையில் ஏறத்தாழ 650 பாகை செல்சியஸில் சுட வேண்டும். முதலில் மெல்லிய கோடு, அதன்மேல் மிகமிக மெல்லிய நிழல். எண்ணெய் ஓவியத்தைப் போல நிழலைக் குவிப்பதுதான் இப்பாணியில் நேரும் பெரும் பிழை என்பது என் உறுதியான கருத்து. ஒளி புகாத கண்ணாடி வெறும் பலகையே. மகுடத்துக்கும் கூந்தலுக்கும் வெள்ளி உப்பு தரும் பொன்மஞ்சளைக் கண்ணாடியின் பின்புறத்தில் பூசி, முன்னதைவிடக் குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுடுங்கள்.

ஈயம் கோப்பதும் பற்றவைப்பதும் தேர்ந்த கைவினைஞரின் வேலை. ஈயத்தைத் தொட்ட கையோடு உண்ணலாகாது. கோப்பதற்கு முன், சுட்ட துண்டுகளைத் தெளிந்த கண்ணாடிப் பலகைமீது மெழுகால் ஒட்டி, அவை நிற்கவிருக்கும் திசையின் வெளிச்சத்தில் நிறுத்திக் காலையிலும் மாலையிலும் பாருங்கள். முகம் இருண்டு தெரிந்தால், அந்த ஒரு துண்டை மட்டும் புதிதாக வெட்டி, நிழலைக் குறைத்து மீண்டும் தீட்டுங்கள்.