கையெழுத்தைப் பார்ப்பதற்கு முன் தாளையும் மையையும் பாருங்கள்

நாற்பது ஆண்டுகளாக மைப்பேனா பழுது பார்க்கிறேன். நிப்பைத் தீட்டுவதும், ஒழுகும் பேனாவைச் சரிசெய்வதும்தான் என் தொழில். சில ஆண்டுகளாக வேறொரு வேலையும் தானாக வந்து சேர்ந்திருக்கிறது. தாத்தாவின் பெட்டியில் கிடைத்த ஆட்டோகிராஃப் ஏட்டையோ, நடிகர் கையெழுத்திட்ட படத்தையோ கொண்டுவந்து, "ஐயா, இது அசல்தானா? விற்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

போன மாதம் ஓர் அம்மா ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். அடியில் அண்ணாவின் கையெழுத்து. வடிவம் நன்றாகவே இருந்தது. ஆனால் தாளின் தலைப்பில் அச்சிட்டிருந்த முகவரி "நுங்கம்பாக்கம், சென்னை – 600 034" என்று முடிந்தது. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3-இல். பழைய முறைப்படி வெறும் "சென்னை – 34" என்றிருந்தால் மேலே ஆராய்ந்திருப்பேன். ஆறு இலக்கமும் இருந்ததால் கையெழுத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கும் தேவையே எழவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள். போலி செய்பவன் தன் உழைப்பையெல்லாம் கொட்டுவது அந்த இரண்டு அங்குலத்தில்தான். தாள், தேதி, அச்செழுத்து, மை ஆகியவற்றில்தான் அசட்டையாக இருப்பான்.

தமிழ்க் கையெழுத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. அதற்கு முன் பள்ளியில் படித்தவர்கள் ணா, றா, னா எழுதும்போது கால் தனியாக நிற்காது; எழுத்தின் கடைசிக் கோடே கீழிறங்கிச் சுழியும். லை, ளை, னை, ணை நான்குக்கும் தலையில் யானைத் தும்பிக்கை இருக்கும். "அண்ணாதுரை", "கருணாநிதி" என்ற இரண்டு பெயர்களிலும் ணா வருகிறது. 1960 என்று தேதியிட்ட ஏட்டில் அந்த ணா இன்றைய பாடப்புத்தக வடிவில் இருந்தால் நின்று யோசிக்க வேண்டும். ஆனால் உடனே போலி என்று தள்ளிவிடவும் கூடாது. பெரியார் 1935-லேயே தம் இதழ்களில் புதிய எழுத்துகளைப் புகுத்திவிட்டார். அந்த இயக்கத்தில் வளர்ந்தவர்களின் கையில் அவை முன்பே வந்திருக்கலாம். எனவே இவர்கள் விஷயத்தில் இதை ஒரு கேள்வியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு மேலே வாழ்த்து எழுதிய ஒரு சாதாரணப் பள்ளி ஆசிரியரும் 1960-இல் புதிய லை, னை போட்டிருந்தால் என் ஐயம் பலமடங்காகும்.

இப்போது மை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நகை பார்ப்பவர்கள் வைத்திருப்பது போதும். மைப்பேனாவின் கோடு தாளின் நாருக்குள் இறங்கியிருக்கும். நிப்பு நின்று திரும்பிய இடத்தில் மை தேங்கி அடர்ந்திருக்கும். அழுத்தி எழுதியிருந்தால் நிப்பு பிளந்து, கோட்டின் இரு ஓரங்களும் நடுவைவிடக் கறுத்துத் தெரியும். பால்பாயின்ட் பேனா தாளில் பள்ளம் போடும். வளைவு முடிந்ததும் ஒரு பொட்டு மை கொழகொழப்பாக ஒட்டியிருக்கும். இந்தப் பேனா உலகச் சந்தைக்கே வந்தது இரண்டாம் உலகப்போர் முடிகிற வேளையில்தான். 1938 என்று தேதியிட்ட ஏட்டில் பால்பாயின்ட் கோட்டைக் கண்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. ரப்பர் முத்திரையில் அழுத்த வேறுபாடு இருக்காது, மை ஓரத்தில் பிதுங்கி நிற்கும். கணினி அச்சில் வண்ணப் புள்ளிகள் தூவியிருக்கும்.

தாள் பழையதுதானா என்று பார்க்க, ரூபாய் நோட்டைப் பரிசோதிக்கும் புற ஊதா விளக்கு உதவும். வெண்மையைக் கூட்டும் இரசாயனம் கலந்த தாள் அதன் கீழ் நீலமாக ஒளிரும். 1950-க்கு முந்தைய தாள் பொதுவாக அப்படி ஒளிராது. மடிப்பையும் கவனியுங்கள். எழுதிய பின் மடித்த தாளில் மடிப்பு மைக்கோட்டை உடைத்திருக்கும். மடித்த பழைய தாளில் புதிதாக எழுதினால் மை அந்த விரிசலுக்குள் கசிந்து பரவும்.

சினிமாப் படங்களில்தான் மிகுந்த ஏமாற்றம் காத்திருக்கிறது. ரசிகர்களுக்கு அனுப்புவதற்காகக் கையெழுத்தோடு சேர்த்தே அச்சிட்ட படங்கள் ஏராளம். தொடக்க காலத்தில் அப்படி ஒன்றை அசல் என்று நம்பி ஒருவருக்கு விற்றுக்கொடுத்தேன். வாங்கியவர் வெயிலில் சாய்த்துக் காட்டினார். படத்தின் பளபளப்பும் கையெழுத்தின் பளபளப்பும் ஒன்றாகவே ஓடின. உண்மையான மை படத்தின் மேல் தனியாகப் படிந்து, சாய்க்கும்போது மங்கலாகவோ மினுக்கலாகவோ பிரிந்து தெரியும். பணத்தை அன்றே திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தப் படத்தையும் ஜன்னலோரம் சாய்க்காமல் நான் பேசுவதில்லை.

கடைசியாகக் கையெழுத்து. அதைத் தலைகீழாகத் திருப்பிவைத்துப் பாருங்கள். பெயர் மறைந்து கோடு மட்டும் தெரியும். தினமும் போட்டுப் பழகிய கை, பேனா தாளைத் தொடும் முன்பே ஓடத் தொடங்கிவிடும். ஆகவே தொடக்கமும் முடிவும் மெலிந்து கூர்மையாக இருக்கும். பார்த்து வரைபவனின் கோடு மழுங்கிய முனையோடு தொடங்கி, ஒரே கனத்தில் ஊர்ந்து, வளைவின் நடுவில் காரணமில்லாமல் நின்று மறுபடி புறப்படும். முதுமையின் நடுக்கம் வேறு; அதில் கை நடுங்கினாலும் வேகம் இருக்கும். இரண்டு கையெழுத்துகள் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் மகிழாதீர்கள். எந்த மனிதரும் அப்படிப் போடுவதில்லை. ஒன்று இன்னொன்றின் நகல், அல்லது இரண்டும் இயந்திரத்தின் வேலை.

ஒப்பிட எடுக்கும் மாதிரி அதே காலத்தைச் சேர்ந்ததாக இருக்கட்டும். விற்பனைக்கு வந்திருக்கும் இன்னொரு கையெழுத்தோடு ஒப்பிடாதீர்கள்; அதுவே போலியாக இருக்கலாம். காந்தியடிகள் வலக்கை களைத்தால் இடக்கையால் எழுதுவார். ஒரே மனிதருக்கு ஒரே வடிவம்தான் என்று நினைப்பதும் தவறு.

தேதி இருந்தால் அன்று அவர் எங்கே இருந்தார் என்று தேடுங்கள். எம்.ஜி.ஆர். 1984 டிசம்பரில் அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தார். அந்த மாதத்தில் சென்னை விழாவில் வாங்கியது என்றால் கதை நிற்காது. நடிகை சாவித்திரி பத்தொன்பது மாதம் நினைவின்றிக் கிடந்து 1981 டிசம்பர் 26-இல் மறைந்தார். "1981-இல் நேரில் வாங்கினேன்" என்று சொல்பவரிடம் நான் எதுவும் வாங்க மாட்டேன்.

ஏடாக இருந்தால் பிரபலங்களை விட்டுவிட்டு மற்றப் பக்கங்களைப் படியுங்கள். உண்மையான ஏட்டில் கணக்கு வாத்தியார் இருப்பார், உடன் படித்தவன் எழுதிய இரண்டு வரிக் கவிதை இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் நட்சத்திரங்கள் மட்டும், இருபது ஆண்டுக் காலத்துக்கும் ஒரே மை என்றால் சந்தேகியுங்கள். ஒரே விழாவில் ஒரே பேனாவை நீட்டி நால்வரிடம் வாங்குவது மட்டும் இயல்புதான்.

ஈரத்துணியால் தொட்டுப் பார்க்காதீர்கள். மங்கிய கோட்டின் மேல் எழுதாதீர்கள். செல்லோடேப்பும் லேமினேஷனும் அசலையே கொன்றுவிடும். எழுபத்தைந்து ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள கடிதம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரக்கூடும். தனியார் அதை வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது. அத்தகையதற்கு முதலில் தொல்லியல் துறையிடம் கேளுங்கள்.

விற்கும்போது "நூறு சதவீதம் அசல்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். யார் வாங்கியது, எந்த ஊரில், எப்போது, இதுவரை யாரிடம் இருந்தது என்று தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். எந்தச் சோதனைகளைச் செய்தீர்கள், எதில் ஐயம் மிச்சமிருக்கிறது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். போலி என்று பின்னால் தெரிந்தால் பணத்தைத் திருப்புவேன் என்ற வரியைச் சேர்த்துக் கையொப்பமிட்டு, ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.