ஓபியாய்டு இழப்பீட்டுப் பணம்: கண்காணிப்பில் மாநிலங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அபினைப் போலப் போதைக்கு அடிமையாக்கும் ஓபியாய்டு வகை வலி நிவாரணிகளைத் தயாரித்த, விநியோகித்த, விற்ற நிறுவனங்கள் மீது அமெரிக்க மாநிலங்களும் (நம் மாவட்டம் போன்ற) கவுண்டிகளும் தொடுத்த வழக்குகளில் பெரும்பாலானவை சமரசத்தில் முடிந்துவிட்டன. மெக்கெசன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன், ஜான்சன் அண்ட் ஜான்சன் ஆகிய நான்கு நிறுவனங்களோடு 2021-இல் ஏற்பட்ட உடன்பாடு மட்டும் 2,600 கோடி டாலர். அதற்குப் பிறகு சிவிஎஸ், வால்கிரீன்ஸ், வால்மார்ட், டெவா என்று வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் கூட்டினால் 5,000 கோடி டாலரைத் தாண்டும். இது ஒரே தடவையில் வருவதில்லை. பெரும்பகுதி 18 ஆண்டுகளுக்குத் தவணை தவணையாக வரும். 1999 முதல் 2022 வரை ஓபியாய்டு அளவு மீறி இறந்தவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். அந்தச் சாவுகளின் பெயரால் வந்த பணம் இது. எந்த மாநிலம் இதை எப்படிக் காக்கிறது, எங்கே கோட்டை விடுகிறது என்பதைப் பார்க்கும்போது சில தவறுகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன.

உடன்பாட்டிலேயே எழுதியிருக்கிறது என்று இருந்துவிடுவது

முதலில் புகையிலை வழக்கின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1998-இல் சிகரெட் நிறுவனங்கள் 46 மாநிலங்களோடு சமரசம் செய்துகொண்டன. முதல் 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் என்று கணக்கு. ஆனால் அதை எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இல்லை. பட்ஜெட்டில் ஓட்டை விழுந்த இடத்தையெல்லாம் அந்தப் பணத்தால் அடைத்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் நயாகரா கவுண்டியில் பொது கோல்ஃப் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் அமைப்புகூட இந்தப் பணத்தில் வாங்கப்பட்டது. புகைப் பழக்கத்தைத் தடுக்கும் திட்டங்களுக்குப் போனது மிகச் சொற்பம்.

அந்தச் சூடு பட்டதால்தான் ஓபியாய்டு உடன்பாட்டில் குறைந்தது 85 சதவீதம் போதைச் சிக்கலைச் சரிசெய்யும் வேலைக்கே போக வேண்டும் என்று எழுதினார்கள். என்னென்ன செலவு செல்லுபடியாகும் என்று 'எக்ஸிபிட் ஈ' என்ற நீண்ட இணைப்புப் பட்டியலும் சேர்த்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதே தேசிய உடன்பாடு, மாநிலங்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டியது போதைச் சிக்கலுக்கு வெளியே செலவான பகுதியை மட்டுமே என்று விட்டுவிட்டது. அதாவது அதிகபட்சம் 15 சதவீதத்துக்குத்தான் கணக்குக் காட்டும் கடமை. மீதி 85 சதவீதம் எங்கே போனது என்று ஊருக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. பணம் கொடுத்த நிறுவனங்கள் பின்னால் வந்து கேள்வி கேட்கப் போவதும் இல்லை. ஆகவே சொந்தமாக விதி போட்டுக்கொண்ட மாநிலத்தில்தான் கணக்கு வெளியே வருகிறது. தேசிய உடன்பாட்டை மட்டும் நம்பி இருக்கும் மாநிலத்தில் மக்கள் தகவல் அறியும் மனு போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணத்தைப் பொதுக் கணக்கில் கலக்க விடுவது

என்னைக் கேட்டால், கண்காணிப்பில் பாதி வேலை செலவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இதில் வட கரோலினாவின் ஏற்பாட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. அங்கே 2038 வரை சுமார் 150 கோடி டாலர் வருகிறது. அதில் 85 சதவீதம் நேரடியாக உள்ளாட்சிகளுக்கு, அதாவது 100 கவுண்டிகளுக்கும் சில நகரங்களுக்கும். மாநில அரசுக்கு 15 சதவீதம்தான்.

இவ்வளவு பரவலாகப் பிரித்துக் கொடுத்தால் கண்காணிப்பது கடினமாயிற்றே என்று தோன்றும். அதற்காக அவர்கள் செய்த காரியம் எளிமையானது. ஒவ்வொரு கவுண்டியும் இந்தப் பணத்துக்குத் தனி நிதிக் கணக்கு வைத்திருக்க வேண்டும். கவுண்டியின் பொதுப் பணத்தோடு சேர்க்கக் கூடாது. அதில் கிடைக்கும் வட்டியும் இதே வேலைக்குத்தான். அப்புறம், அந்தக் கணக்கிலிருந்து ஒரு டாலர் எடுப்பதானாலும் கவுண்டியின் ஆணையர் குழு தீர்மானம் போட வேண்டும், அல்லது பட்ஜெட்டிலேயே தெளிவாகச் சேர்க்க வேண்டும். அந்தத் தீர்மானத்தில் மூன்று விஷயங்கள் இருந்தே ஆக வேண்டும்: இது ஓபியாய்டு இழப்பீட்டுப் பணத்தைச் செலவிடுவதற்கான அனுமதி என்ற வெளிப்படையான வாசகம்; அனுமதிக்கப்பட்ட பட்டியலில் எந்தத் திட்டம் என்பதற்கான எண்ணோ எழுத்தோ; ஒவ்வொரு திட்டத்துக்கும் எவ்வளவு தொகை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை.

பார்ப்பதற்கு வெறும் குமாஸ்தா வேலை போல இருக்கும். ஆனால் 'போதை ஒழிப்புக்கு 5 லட்சம்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி எழுதிக் கடந்துபோக இதில் வழியில்லை. ஓபியாய்டு அளவு மீறியவரைக் காப்பாற்றும் நலோக்சோன் மருந்து விநியோகமா, சிறையில் இருப்பவர்களுக்குச் சிகிச்சையா, சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கு உதவியா, மீண்டு வருபவர்களுக்குத் தங்குமிடமா என்று 12 வழிகள் கொண்ட சுருக்கமான பட்டியல் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து எடுத்தால் நேரே போகலாம். அதைத் தாண்டிய நீண்ட பட்டியலிலிருந்து எடுப்பதானால், முதலில் ஊரில் உள்ள சுகாதாரத் துறையினர், சிகிச்சை தருபவர்கள், பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரையும் கூட்டி வைத்துத் திட்டமிட்டதற்கான அறிக்கை வேண்டும். நிதியாண்டு முடிந்ததும் செலவுக் கணக்கும், அந்தச் செலவால் என்ன நடந்தது என்ற அறிக்கையும் தர வேண்டும். அவை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏறிவிடுகின்றன. பட்டியலுக்கு வெளியே செலவு செய்தது தெரிந்தால் அந்தத் தொகையை இந்த நிதிக்கே திருப்பிக் கட்ட வேண்டும்.

'சம்பந்தப்பட்ட செலவு' என்பதை இழுத்துக்கொண்டே போக அனுமதிப்பது

நியூ ஜெர்சியின் இர்விங்டன் நகரம் இதற்குப் பிரபலமான உதாரணமாகிவிட்டது. 2023-லும் 2024-லும் ஓபியாய்டு விழிப்புணர்வு நாள் என்ற பெயரில் அந்த நகரம் இசை நிகழ்ச்சிகள் நடத்தியது. இழப்பீட்டுப் பணத்தில் 6 லட்சம் டாலருக்கு மேல் அதற்குப் போனது. கலைஞர்களுக்குச் சொகுசு டிரெய்லர், பாப்கார்ன் மெஷின், பஞ்சுமிட்டாய் மெஷின் எல்லாம் பில்லில் இருந்ததாக மாநிலத்தில் பொதுப் பணச் செலவைத் தணிக்கை செய்யும் கம்ப்ட்ரோலர் அலுவலகம் 2025-இல் அறிக்கை வெளியிட்டது. நகர நிர்வாகம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. விழிப்புணர்வுக்காகத்தான் செய்தோம் என்றது. சிக்கலே அந்த வார்த்தையில்தான். 'விழிப்புணர்வு' என்ற தலைப்புக்குக் கீழே எதையும் கொண்டுவந்து வைக்கலாம். பள்ளிகளில் போலீஸ்காரர் வந்து பாடம் நடத்தும் டேர் திட்டத்துக்குப் பல ஊர்கள் இந்தப் பணத்தைக் கொடுக்கின்றன. அதன் பழைய பாடத்திட்டம் பிள்ளைகளின் போதைப் பழக்கத்தைக் குறைக்கவில்லை என்று ஆய்வுகள் எப்போதோ சொல்லிவிட்டன. போலீஸ் வாகனங்கள், சிறைக்கு உடல் ஸ்கேனர் போன்றவையும் இதே வழியில்தான் நுழைகின்றன. ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு மெத்தடோன், புப்ரெனார்பின் என்ற மருந்துகளால் தரும் சிகிச்சை உயிரைக் காக்கிறது என்பதற்கு இருக்கும் அளவுக்கு இவற்றில் எதற்கும் ஆதாரம் இல்லை.

எல்லா வழக்கும் பஞ்சுமிட்டாய் போல எளிதில் முடிவு சொல்லக்கூடியதல்ல. பென்சில்வேனியாவில் இந்தப் பணத்தைக் கண்காணிக்கும் அறக்கட்டளை ஒன்று, கவுண்டிகளின் செலவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து 'பொருந்துகிறது', 'பொருந்தவில்லை' என்று வாக்கெடுப்பு நடத்துகிறது. பிலடெல்பியாவின் கென்சிங்டன் பகுதி, தெருவோரப் போதை வியாபாரத்தால் பல ஆண்டுகளாகச் சீரழிந்த இடம். அங்கே வீடுகளைப் பழுது பார்க்கவும், பூங்காக்களைச் சீராக்கவும், சிறு கடைகளுக்கு உதவவும் நகரம் 75 லட்சம் டாலர் செலவு செய்தது. 2024-இல் அந்தச் செலவு பட்டியலுக்குள் வராது என்று அறக்கட்டளை சொல்லிவிட்டது. நகரமோ, போதையால் அழிந்த தெருவைச் சீர்செய்வதும் தீர்வுதானே என்றது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்கு அறக்கட்டளையின் முடிவே சரியென்று படுகிறது. அந்தத் தெருவில் கிடப்பவருக்குச் சிகிச்சைப் படுக்கை கிடைக்காத வரை, பூங்காவுக்கு வேறு நிதியிலிருந்துதான் தேட வேண்டும். ஆனால் அந்த முடிவு பணம் செலவான பிறகு வந்ததுதான் வருத்தம். முன்கூட்டியே கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள ஒரு வழி இருந்திருந்தால் இரண்டு தரப்புக்கும் அலைச்சல் மிச்சம்.

ஏற்கெனவே செய்துகொண்டிருந்த செலவை இதன் தலையில் கட்டுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கணக்கைப் பார்த்தால் இதில் தப்பே இல்லாதது போலத் தெரியும். ஒரு கவுண்டி இதுவரை தன் பொதுப் பணத்திலிருந்து போதைச் சிகிச்சைப் பிரிவுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் கொடுத்துவந்தது என்று வைத்துக்கொள்வோம். இழப்பீட்டுப் பணத்தில் 10 லட்சம் வந்ததும் அதை அந்தப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டு, பழைய 10 லட்சத்தை ரோடு போட எடுத்துக்கொள்கிறது. ஏட்டில் எல்லாம் போதைச் சிகிச்சைக்குத்தான் போயிருக்கிறது. ஆனால் ஒரு நோயாளிக்குக்கூடக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்தியானாவின் ஸ்காட் கவுண்டி, 2015-இல் போதை ஊசி மூலம் 200-க்கும் மேற்பட்டோருக்கு எச்ஐவி பரவிய இடம். உதவி அவசரமாகத் தேவைப்பட்ட இடம் என்று சொல்லத் தேவையில்லை. அங்கேயே இந்தப் பணத்தில் ஒரு பகுதி, ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களின் சம்பளத்துக்குப் போனது. டென்னசியின் கிரீன் கவுண்டி தனக்கு வந்த 27 லட்சம் டாலரில் 24 லட்சத்தைக் கவுண்டியின் கடனை அடைக்க ஒதுக்கியது. நியூ ஜெர்சியில் 2025 ஜூன் மாத பட்ஜெட்டில் சட்டமன்றமே 4.5 கோடி டாலரைப் பெரிய மருத்துவமனைக் குழுமங்களுக்குத் திருப்பிவிட்டது. இந்தப் பணத்துக்கென்று அமைத்த ஆலோசனைக் குழுவும், வழக்கு நடத்திய அட்டர்னி ஜெனரலும் (மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர்) எதிர்த்தும் பயனில்லை. மருத்துவமனைகளுக்கு மத்திய அரசின் நிதி குறையப்போகிறது என்பது சட்டமன்றத்தின் வாதம். அந்தக் கவலை உண்மைதான். ஆனால் ஒரு பள்ளத்தை மூட இன்னொரு பள்ளம் தோண்டினார்கள்.

தேசிய உடன்பாடு இதைத் தடுக்கவில்லை. மாநிலம்தான் சட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அப்படி எழுதினாலும், இழப்பீட்டுப் பணம் வருவதற்கு முந்தைய ஆண்டில் போதைச் சிகிச்சைக்கு எவ்வளவு ஒதுக்கியிருந்தார்கள் என்ற அடிப்படைத் தொகையைப் பதிவு செய்து வைக்காவிட்டால், பிற்பாடு வரும் தணிக்கையாளரால் ஒன்றும் நிரூபிக்க முடியாது.

தனியார் அறக்கட்டளை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வது

ஒஹையோவில் பணத்தின் 55 சதவீதம் 'ஒன்ஒஹையோ ரிகவரி ஃபவுண்டேஷன்' என்ற லாப நோக்கற்ற அமைப்பின் கையில் இருக்கிறது. நாங்கள் அரசு அலுவலகம் அல்ல, ஆவணங்களைக் காட்ட வேண்டியதில்லை என்றது அது. போதைப்பொருள் பயன்படுத்துபவர்களின் நலனுக்காக வேலை செய்யும் ஒரு சிறு அமைப்பு வழக்குப் போட்டது. 2023-இல் ஒஹையோ உச்ச நீதிமன்றம், பொதுப் பணத்தைப் பொது வேலைக்காகக் கையாளும் அமைப்பு அரசு அலுவலகத்துக்குச் சமம், ஆவணங்களைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கூட்டம் எங்கே, எப்போது, யாருக்கு எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ள உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்ததே. போதையிலிருந்து மீண்டவரோ, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரோ ஒருவராவது, ஆலோசனை சொல்லும் இடத்தில் மட்டுமல்லாமல் வாக்குரிமையோடு இருக்க வேண்டும். வாக்களிப்பவர் தனக்கு வேண்டிய நிறுவனத்துக்கே மானியம் கொடுப்பதைத் தடுக்கும் விதியும் வேண்டும்.

பணம் எப்போதும் வரும் என்று எண்ணுவது

ஒரு பக்கம் அவசரம், இன்னொரு பக்கம் பூட்டி வைத்தல். கலிபோர்னியாவில் வந்த பணத்தை 5 ஆண்டுக்குள் செலவிட வேண்டும், கட்டட வேலையென்றால் 7 ஆண்டு. அதோடு பாதியாவது அதிகப் பலன் தரும் வேலைகளுக்குப் போக வேண்டும். இப்படி ஒரு கெடு இல்லாத இடங்களில் பணம் வங்கியில் கிடக்கிறது, வெளியே ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அதேசமயம், தவணையை நிரந்தர வருமானம் போல எண்ணிச் சம்பளப் பட்டியலை ஏற்றிவிடுவதும் ஆபத்து. மருந்து தயாரிப்பு நிறுவனமான மாலின்க்ரோட் 170 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. 45 கோடி கொடுத்த நிலையில் 2023-இல் மறுபடி திவால் மனு போட்டது. மீதியில் 100 கோடி அப்படியே வெட்டுப்பட்டது. அதை நம்பி ஆள் எடுத்த ஊர்கள் என்ன செய்யும்? ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையைத் தயாரித்த பர்டூ நிறுவனத்தின் விவகாரத்திலும், 2024-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பழைய ஏற்பாட்டை நிராகரித்த பிறகு புதிதாகப் பேசித்தான் 740 கோடி டாலர் உடன்பாடு வந்தது. ஒவ்வொரு தவணைக்கும் எதிரே, அது வராமல் போனால் எந்தத் திட்டம் முதலில் நிற்கும், எது நிற்கவே கூடாது என்று எழுதி வைத்திருக்கும் கவுண்டியைத்தான் நான் நம்புவேன்.

இந்த மாநிலங்களில் நம்மவர்கள் நிறையப் பேர் வீடு வாங்கி, கவுண்டிக்குச் சொத்து வரி கட்டி வாழ்கிறார்கள். இதில் குரல் கொடுக்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. வட கரோலினாவில் கவுண்டிகளின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. பட்ஜெட்டை நிறைவேற்றும் முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியே ஆக வேண்டும். அங்கே எழுந்து மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்த ஆண்டு இழப்பீட்டுப் பணத்தைச் செலவிட எந்தத் தேதியில் தீர்மானம் போட்டீர்கள்? அதில் குறிப்பிட்ட திட்டத்தின் எண் என்ன? அதே வேலைக்குப் போன ஆண்டு கவுண்டியின் சொந்தப் பணத்திலிருந்து எவ்வளவு கொடுத்தீர்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் உடனே பதில் வராது. எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.