கொடிவழியை இணையத்தில் ஏற்றுகிறவர்கள் கோட்டை விடும் இடங்கள்

ஏழு தலைமுறைக் கொடிவழி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடைசி இரண்டு தலைமுறையில்தான் கோட்டை விடுகிறார்கள். கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பெயரைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. உயிரோடு இருப்பவர்களுக்கோ பிறந்த தேதி, நட்சத்திரம், அம்மாவின் பிறந்த வீடு, வேலை பார்க்கும் ஊர், கைபேசி எண் வரை கைக்குக் கிடைத்துவிடும். கிடைத்ததை எல்லாம் போட்டுவிடுகிறோம். ஃபேமிலிசர்ச், ஜெனி போன்ற கொடிவழித் தளங்கள் வாழ்பவர்களின் விவரத்தைப் பிறர் கண்ணில் படாமல் மறைக்கின்றன. அதையே பிடிஎஃப் ஆக்கி "பங்காளிகள் குழுவில்தானே" என்று வாட்ஸ்அப்பில் போட்டால் அந்த மறைப்பு போச்சு. கல்யாணத் தரகர் முதல் மோசடிக்காரர் வரை யார் கைக்கும் அது போகும். வாழ்பவர்களுக்குப் பெயரும் உறவும் போதும். அதையும் அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது, தீர்ப்பு எழுதுவது. தாத்தாவின் இரண்டாவது மனைவியை 'வைப்பு' என்று குறித்த கொடிவழிகளை நிறையப் பார்க்கலாம். மரியாதைக் குறைவு ஒருபுறம் இருக்கட்டும், பல இடங்களில் அது தகவல் பிழையும்கூட. மதராஸ் மாகாணத்தில் இந்துக்களுக்கான இருதார மணத் தடைச் சட்டம் வந்தது 1949-இல். அதற்கு முன் முறையாக மணமுடிக்கப்பட்ட இரண்டாம் மனைவி சட்டப்படியும் மனைவிதான். சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களை 'சேர்ந்து வாழ்ந்தார்கள்' என்று எழுதுவதும் இதே ரகம். 1967-இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சட்டத்திருத்தம், முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கியது. நீங்கள் இப்படி எழுதிய பாட்டியின் பேரப்பிள்ளைகள் இன்று உங்கள் கொடிவழியைத் திறந்து பார்க்கக்கூடும் என்பதை நினைத்து எழுதுங்கள்.

சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு போன பெண்ணைக் கொடிவழியிலிருந்தே வெட்டிவிடும் குடும்பங்கள் உண்டு. அது வரலாறு அல்ல, பழிவாங்கல். ஆனால் அவளைச் சேர்க்கிறேன் பேர்வழி என்று, கணவர் பெயரையும் குடியிருக்கும் ஊரையும் போட்டுவிடுவது அதைவிட ஆபத்து. ஆணவக் கொலை நடக்கும் மாநிலம் இது. தத்துப்பிள்ளை விஷயமும் அப்படித்தான். தான் தத்து என்பதை ஒருவர் ஒன்றுவிட்ட சித்தப்பா போட்ட கொடிவழியிலிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது. ஈழத்துக் குடும்பங்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். யார் எந்த ஆண்டில், எந்த வழியாக நாட்டைவிட்டு வெளியேறினார், அதற்கு முன் யாரோடு இருந்தார் என்பது வெளிநாட்டில் அவருடைய அகதி வழக்கையும், ஊரில் இருக்கும் சொந்தங்களையும் தொடும்.

டிஎன்ஏ சோதனையைத் தன் சொந்த விஷயம் என்று நினைக்கிறவர்கள் அதிகம். 2023-இல் அமெரிக்காவின் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் திருடர்கள் நேரடியாக நுழைந்த கணக்குகள் சுமார் 14 ஆயிரம்தான். அங்கிருந்து உறவினர் தேடும் வசதி வழியாக ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரம் வெளியே போனது. 2018-இல் கலிபோர்னியா போலீஸ் பழைய தொடர்கொலை வழக்கில் குற்றவாளியைப் பிடித்ததும் தூரத்து உறவினர்கள் பொதுத்தளத்தில் ஏற்றியிருந்த மரபணுத் தகவலை வைத்துத்தான். கொலைகாரன் பிடிபட்டது நல்லதே. ஆனால் நீங்கள் சோதனைக்கு எச்சில் அனுப்பினால் அண்ணன் பாதி அம்பலம், அத்தை மகளும் ஓரளவு அம்பலம். அனுப்பும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தவர்களின் வாரிசுகள் இப்போது ஊரைத் தேடி வருகிறார்கள். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனார்கள். அந்தக் கப்பல் பதிவேடுகளில் ஊர், தகப்பன் பெயர், சாதி, உடல் அடையாளங்கள் வரை இருக்கும். அதைப் படமெடுத்து, "இந்தச் சாதி, இந்த ஊர், சொந்தக்காரர்கள் யாராவது உண்டா?" என்று பொதுவில் போடுவது தவறு. இங்கே இருப்பவர்கள் அந்த அடையாளத்தை மறைத்துப் பட்டணத்தில் பிழைத்துக்கொண்டிருக்கலாம். பதிவேட்டுச் சாதியும் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதாக இருக்கலாம். போதாக்குறைக்கு, பூர்வீக நிலத்தில் பங்கு கேட்க வருகிறார்களோ என்ற பயமும் ஊரில் எழும். முதலில் தனியாகப் பேசுங்கள். பட்டாவைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அடுக்களையில் பெரியம்மா சொன்ன கதையைத் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர் உங்களிடம் சொன்னார், ஊரிடம் அல்ல. சம்மதித்தாரென்றால், "பெரியம்மா சொன்னது, 2024" என்று அவர் பெயரோடு எழுதுங்கள். முன்னோர் சேரன் படையில் தளபதி என்ற பெருமைக்கும் இதே விதிதான்: சொன்னவர் யார் என்று குறிக்காவிட்டால், நாலு பேர் நகலெடுத்த பிறகு அது ஆதாரமாகிவிடும். யாராவது "என் பெயரை எடு" என்றால், காரணம் கேட்காமல் எடுங்கள். எழுதத்தான் வேண்டும், ஏற்ற முடியாது என்கிற சங்கதிகளை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த தலைமுறையில் வாய் காக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.